இரண்டாவது பிரேக்

பிரேக் வாத்தியாரின் கழுத்து பக்கவாட்டில் திரும்பியது, திரும்பியபடியே நின்றுவிட்டது.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவரின் கால் எங்கே போகிறது என்று முறைத்துக்கொண்டிருப்பதுதான் தொழில். அந்தக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நாய் குறுக்கே வருவதற்கு முன்பே, வரலாமா என்று நாய் யோசிக்கும்போதே மிதித்துவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

காருக்கு அந்தக் கால் சரி. பேச்சிலும் அதே காலை வைத்திருந்தாரே, அதுதான் வம்பு. யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் பாதியில் "தெரியும், தெரியும்" என்று ஒரு மிதி. வந்த வாக்கியம் குலுங்கி நின்றுவிடும்.

போன மாதம் ஒரு காலையில் மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னங்க, எனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும், தலைவலி. மாத்திரை அலமாரியில இருக்கு."

அவள் எழுந்துகொண்டாள். "உங்க பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு ஒரு வாக்கியத்தைக்கூட வீடு கொண்டுபோய்ச் சேர்க்க முடியலீங்க" என்றாள். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. போன் பண்ணிக் கேட்கலாம்தான். கேட்பதற்கு முன்னால், தப்பு என்மேல்தான் என்று சொல்லியாக வேண்டும். அந்த வார்த்தை தொண்டைவரை வரும். அங்கேயும் ஒரு பிரேக்.

கழுத்து பிடித்துக்கொண்டதோ, சரியாக அவள் நாற்காலி இருந்த பக்கமாக. காலி நாற்காலியைப் பார்த்தபடியே மனுஷன் சாப்பிட்டார், தூங்கினார், பாவம்.

மகள்தான் மசாஜ் நிலையத்துக்கு ஏற்பாடு செய்தாள். இது மேலோட்டமாக எண்ணெய் தடவி அனுப்புகிற மசாஜ் இல்லையாம். தசைக்கு அடியில் இறுகிக்கிடக்கும் முடிச்சைத் தேடிப்பிடித்து அவிழ்ப்பார்களாம். என்ன நடக்கும் என்று அங்கே விளக்குவார்களாம், காதுகொடுத்துக் கேட்க வேண்டுமாம். அவர் "தெரியும்மா" என்று போனை வைத்தார்.

நிலையத்தின் முன்மேஜையில் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். முதல் தடவையா என்று கேட்டாள். அவர் கெத்து விடாமல், எத்தனையோ பார்த்தாச்சு என்றார்.

"சரி சார். உங்களுக்குச் செய்யப்போற அக்காவுக்கு..."

"அனுபவம் ஜாஸ்தி. தெரியும்."

"இல்ல சார், வலிச்சா கையை..."

"கையைக் காலை ஆட்டக் கூடாது. அதுவும் தெரியும்மா."

அந்தப் பெண் இன்னொரு முறை வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருந்தார்.

உள்ளே நடுவயதுப் பெண் ஒருத்தி, உருண்டு திரண்ட கைகளோடு நின்றிருந்தாள். சிரித்தாள். கட்டிலைக் காட்டினாள். அளவாகப் பேசுகிறவள் என்று வாத்தியார் மெச்சிக்கொண்டார். கட்டிலின் தலைமாட்டில் முகத்துக்கென்று ஒரு வட்ட ஓட்டை. குப்புறப் படுத்து, கோணிய கழுத்துக்கு ஏற்ப உடம்பையும் கோணலாக வைத்து அதில் முகத்தைப் பொருத்தினால் தரையும், அவளுடைய வெள்ளைக் கேன்வாஸ் செருப்பும் மட்டும் தெரிந்தன. கைகளை ஆடாமல் அசையாமல் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார்.

முதலில் வெதுவெதுப்பாக எண்ணெய் தடவினாள். இவ்வளவுதானா என்று நினைத்து முடிப்பதற்குள் தோள்பட்டை எலும்புக்கு ஓரமாக அவள் முழங்கை இறங்கியது. கல்லுரலில் குழவி இறங்குகிற மாதிரி.

"கொஞ்சம் மெதுவாம்மா" என்றார்.

முழங்கை இன்னும் இறங்கியது.

சரிதான், பழக்கப்பட்டவன் என்று பீற்றிக்கொண்டதன் பலன் என்று நினைத்து, இதுதான் முதல் தடவை என்று ஒப்புக்கொண்டார். முழங்கை அடுத்த தோளுக்குப் போய் அங்கேயும் குடைந்தது. கார் ஓட்டக் காசு வாங்காமல் கற்றுத்தருவதாக ஆசை காட்டினார். கட்டைவிரல் கழுத்துக்கு ஏறியது. கடைசியில், தன் மாப்பிள்ளை போலீஸில் இருப்பதாக மிரட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை இருப்பது மெத்தைக் கடையில். பயத்தில் உடம்பு விறைக்க விறைக்க, அவள் விரல்கள் அந்த விறைப்பையே தேடிப் பிடித்தன.

வெள்ளைச் செருப்பு அசையாமல் நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இது வெறும் வைத்தியம் இல்லை; இந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மகள் சொல்லியிருப்பாள். உண்மையைக் கக்காமல் இந்தக் கை விடாது.

"என் சம்சாரம் வீட்டை விட்டுப் போயிட்டாம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் காரணம். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ சொன்ன எதையும் நான் முழுசா கேட்டதில்ல. அன்னைக்கு அவளுக்கு உடம்புக்கு என்னமோ, மனசுக்கு என்னமோ. பக்கத்துல வந்து உட்கார்ந்தா. மாத்திரை இருக்கிற இடத்தைச் சொல்லி அனுப்பிட்டேன்."

யாரும் குறுக்கே பேசவில்லை. அவர் பேச்சை அவரே மிதித்து நிறுத்தவும் இல்லை. பெண்பார்க்கப் போனபோது அவளைப் பேசவிடாமல் அவரே பேசித் தீர்த்ததிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. மூக்கு நுனியில் சேர்ந்த கண்ணீர் ஓட்டை வழியாகத் தரையில் சொட்டியது. அழ அழ உடம்பு துவண்டது. துவண்டதும் அந்தக் கையும் இளகியது. கடைசியில் அவள் அவர் முதுகில், குழந்தையைத் தட்டுகிற மாதிரி மெல்லத் தட்டினாள்.

மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று வாத்தியாருக்குத் தோன்றியது.

எழுந்தார். கழுத்து இந்தப் பக்கமும் போனது, அந்தப் பக்கமும் போனது. வெளியே வரும்போதே மனைவியைக் கூப்பிட போனை எடுத்தார். எண்ணைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். பாரத்தை ஒரு தடவை இறக்கிவைத்தாயிற்று. இன்னொரு தடவை எதற்குச் சுமப்பது? அவளாக வருவாள்.

முன்மேஜைப் பெண் தண்ணீர் கொடுத்தாள். வாத்தியார் அதை வாங்கிக்கொண்டே சொன்னார். "அந்த அம்மா தெய்வம்மா. நான் இவ்வளவு நேரம் பேசினேன், குறுக்கே ஒரு வார்த்தை பேசல. என் மனசுல இருந்ததை முழுசா கேட்ட ஒரே ஆள் அவங்கதான்."

அந்தப் பெண் வாயெடுத்தாள். சொல்லலாமா என்று தயங்கினாள். வாத்தியார் முதல்முறையாக ஒருவர் பேசி முடிக்கக் காத்திருந்தார்.

"அதைத்தான் சார் முதல்லயே சொல்ல வந்தேன். அந்த அக்காவுக்குக் காது கேட்காது, அதனால வலிச்சா கையைத் தூக்கிக் காட்டணும்னு. முகம் பார்த்துப் பேசினா உதட்டை வெச்சுப் புரிஞ்சுக்குவாங்க. குப்புறப் படுத்துக்கிட்டு நீங்க சொன்னதெல்லாம் தரைக்குத்தான் சார் கேட்டிருக்கும்."