தராசர் கேட்ட ஒரு வரி

கணினியில் அச்சுப் பக்கம் கட்டுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பக்கம் சரியாக வரவேண்டும் என்பதற்காக வந்தவருடைய சொந்தக்காரரைக் கூட்டச் சொல்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறார். 'தராசர்' என்றால் கோட்டை வாசலில் மேய்கிற மான்களுக்கும் தெரியும்.

ஒரு பக்கத்தை இரண்டு நிரலாகப் பிரித்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் முடியவேண்டும். அதுதான் அவருடைய வேதம். தலையில் நடுவகிடு. சட்டையில் இரண்டு பை, பைக்கு ஒரு பேனை. கணினித் திரைக்கு முன்னால் நூலில் ஒரு தூக்குக்குண்டு தொங்கும், மேசன்மார் சுவர் பார்ப்பதுபோல. வேலையைச் சேமிக்க மறந்துபோவார் என்பதால், துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் சேமிப்பார். ஒருநாள் கப்பல் வரவில்லை, மின்சாரம் மட்டும் போனது. ஒரு கலியாண அழைப்பிதழ் அப்படியே அழிந்தது. பெண்ணின் தகப்பன் தலையில் கைவைத்தபோது, "மாப்பிள்ளை இருக்கிறார்தானே, பயப்பிடாதேங்கோ" என்றாராம்.

கிண்ணியாக் கடைக்காரர் ஒருவர் விலைத்துண்டு அடிக்க வந்தார்.

"நானா, வலது பக்கம் ரெண்டு சாமான் காணாது" என்றார் தராசர்.

"நம்மட்ட இருக்கிறது அவ்வளவுதான்."

"அப்ப வாங்கி வையுங்கோ. எலிப்பொறி வையுங்கோ, தேங்காய்த் திருவலை வையுங்கோ."

பாவம், மனிதர் வைத்தார். இன்றைக்கு அந்தக் கடையில் அரிசியைவிட எலிப்பொறிதான் கூடப் போகிறதாம்.

எங்கள் மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் தகப்பனார், சிவபதம் அடைந்தபோது நாங்களும் இவர் கையில் விழுந்தோம். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு நினைவு மலர் கொடுப்பது எங்கள் வழக்கம். உள்ளே பதிகப் பாட்டுகள், போனவரின் படம், கடைசிப் பக்கத்தில் துயருறும் உறவுகள்.

அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் வில்லங்கம். மாமாவின் தம்பி இறக்கக்கண்டியில் வள்ளம் வைத்திருப்பவர். எங்கள் புதுவீட்டுக் குடிபூரலில் அவரை இரண்டாம் பந்தியில் இருத்திவிட்டோம். பாயாசமும் முடிந்துபோனது. எழும்பிப் போனவர், அண்ணனின் சாவுக்குக்கூட வீட்டுக்கு வராமல் சுடலையோடு திரும்பிவிட்டார். "அவரின்ர பேர் மலரில வரக்கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னால் மறுகதை இல்லை. மாமி மட்டும் குசினிக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, தம்பி ஒரு நேரமெண்டாலும் இந்த வீட்டில சாப்பிடவேணும்" என்றார்.

தராசர் மலரின் முதல் அச்சுப்படியோடு அன்புவழிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். நடுவீதியால்தான் அவருடைய சைக்கிள் வரும். பின்னால் ஒரு பஸ் ஊதிக்கொண்டே வந்தது.

"தங்கச்சி, உங்கட மாமா ஒரு இடத்தில இருக்கிறார் இல்லை."

"என்ன அண்ணை சொல்லுறியள்?" என்றேன்.

"படத்தைச் சொல்லுறன். ரெண்டு நிரலுக்கும் குறுக்கால வைச்சா அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போறார். இழுத்துக்கொண்டு வந்தா, பாட்டின்ர கடைசி வரியை மற்ற நிரலுக்குத் தள்ளிவிடுறார்."

"உயிரோட இருக்கேக்கையும் அந்தாள் அப்பிடித்தான்" என்றார் மாமி.

பிறகு வழியையும் தராசரே சொன்னார். இரண்டு நிரலையும் படத்துக்கு மேலேயே முடித்துவிடுவது, படத்தைத் தனியாக இருத்துவது, அதற்குக் கீழே திரும்ப இரண்டு நிரலைத் தொடங்குவது. மாமா அடங்கிவிட்டார்.

கடைசிப் பக்கம் அடங்கவில்லை. இடது நிரலில் மாமியின் ஆட்கள், வலதில் மாமாவின் ஆட்கள். வலதில் ஒரு வரி குறைவு.

"ஒரு பூவைப் போட்டு நிரப்புங்கோவன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பூ என்ன உங்கட சொந்தமோ?"

"அப்ப அந்த இடத்தை வெளியா விடுங்கோ."

"வெளியா விட்டா, ஆரையோ வெட்டிப்போட்டினம் எண்டு சனம் கதைக்கும். இன்னும் ஒராள் தாங்கோ."

"ஆளில்லை அண்ணை."

"இறக்கக்கண்டியில ஒராள் இருக்கிறார்" என்றது மாமியின் குரல்.

"அம்மா!"

தராசர் இடப்பக்கத்துப் பேனையை எடுத்தார். "தம்பி, உங்கட சண்டை எனக்குத் தேவையில்லை. எனக்கு ஒரு வரி தேவை. பேரைச் சொல்லுங்கோ அம்மா."

மாமி சொன்னார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

மறுநாள் கடையிலிருந்து தொலைபேசி வந்தது. "தங்கச்சி, பேரும் ஊரும் நீளம். ரெண்டு வரியாப் போச்சு. இப்ப மாமி பக்கம் ஒண்டு காணாது."

"அப்ப அவரை எடுக்கச் சொல்லும்" என்று பக்கத்தில் என் வீட்டுக்காரரின் குரல் துள்ளியது.

"வீமன் எண்டு போடச் சொல்லு பிள்ளை" என்றார் மாமி.

வீமன் எங்கள் நாய். சுவாமி என்னை மன்னிக்கட்டும், நான் அப்படியே சொல்லிவிட்டேன்.

பெயர் சேர்த்த ஆளுக்குக் காட்டாமல் அச்சடிப்பது பாவம் என்பது தராசரின் கொள்கை. படியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இறக்கக்கண்டிக்கே போய்விட்டார். திரும்பி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டார் மாமி.

"ரெண்டு தரம் பார்த்தவர். சரி, வீமன் தம்பி எங்க?"

"வெளியில போயிட்டார்" என்றேன். பொய்யில்லை. பூனையொன்றைத் துரத்திக்கொண்டு போயிருந்தது.

முப்பத்தோராம் நாள். மலர் தட்டத்தில் இருந்தது. "வீமன் ஆர்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கனடாவில" என்று சொல்லிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். முதற்பந்திக்கு இலை போடும் நேரம் படலை திறந்தது. இறக்கக்கண்டிச் சின்ன மாமா.

ஒரு மலரை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரு வரி" என்றார். "எனக்கு ரெண்டு வரி போட்டிருக்கிறியள்."

"ஓம் தம்பி" என்றார் மாமி, குசினிக்குள்ளிருந்து.

என் வீட்டுக்காரர் முதற்பந்தியில் ஓர் இலையைக் காட்டினார். "இருங்கோ சித்தப்பா, இலை போட்டாச்சு" என்றார். மாமி வெளியில் வரவில்லை. குசினிக் கதவோரம் நின்று, அவர் சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

தராசரும் வந்திருந்தார். கையெடுத்துக் கும்பிடப் போன என்னிடம், "படம் ஒரு நூல் இடப்பக்கம் சரிஞ்சுபோச்சு தங்கச்சி, நித்திரையே இல்லை" என்று அழாக்குறையாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது வீட்டாரின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்வேன். இப்போது ஒன்று கூடியிருக்கிறது. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. "எங்கட தராசர்" என்றுதான் சொல்கிறேன். சுவாமிக்கு ஆளைத் தெரியும்.