எள்ளும் சோறும் கலந்த மீன் இரை

மீன் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்கிறவர்கள் யாரும் மீன் பிடித்தவர்கள் அல்லர். வேண்டியது அறிவு. இளவட்ட வயதில் எனக்கு அது சுத்தமாகக் கிடையாது. (“இப்ப மட்டும் கொட்டிக் கிடக்குதாக்கும்” என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுக்கிறாள்.) அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாலே இன்றைக்கும் எனக்கு அலுப்பாக வருகிறது.

என் இருபதுகளில் நடந்தது. ஈப்போ நகரத்துக்கு வடக்கே, செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டோரில் பால் நிறுப்பவன். சிலிம் ரிவர் என்கிற ஊரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஒரு தடவைதான் பார்த்தேன், அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணின் அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் கங்காணி. நான் பெண் பார்க்கப் போன அன்று அவர் வெளியூர் போயிருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு நாள் குறிக்க அவர் திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. ஆற்று மீன் என்றால் மனிதர் உயிரை விடுவார் என்று கேள்விப்பட்டேன். பெரிய கெண்டையாகப் பிடித்துக் குழம்பு வைத்து அசத்திவிட வேண்டும் என்று கிளம்பினேன். சனி அங்கேதான் பிடித்தது.

தூண்டில் முள்ளில் குத்த மண்புழு போதும். ஆனால் அதற்கு முன்னால், மீன்களை நம் பக்கம் கூட்டுவதற்குத் தண்ணீரில் தனியாக ஓர் இரை போட வேண்டும். அது எதுவென்று கேட்டால் தோட்டத்தில் ஆளுக்கொரு வேதம் ஓதினார்கள். தவிடு என்றார் ஒருவர். போட்டேன், அது மிதந்துகொண்டே ஈப்போவைப் பார்க்கப் போய்விட்டது. கள்ளுக்கடை மண்டிதான் சரி என்றான் என் கூட்டாளி முனியாண்டி. அதற்கு மீன் வரவில்லை, முனியாண்டியின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பெலாச்சான் என்கிற இறால் விழுதைப் பிசைந்த கை நாள்கணக்கில் நாறியதில், அப்பா என்னை வாசலில் உட்காரவைத்துத்தான் சோறு போட்டார்.

கடைசியில் நானே யோசித்தேன். (யோசித்திருக்கவே கூடாது.) இரை மிதக்காமல் மூழ்க வேண்டும், அதற்குச் சோறு. வாசனை பரவ வேண்டும், அதற்குக் கறுப்பு எள். உருண்டை உடையாமல் இருக்க வேண்டும், அதற்கு வாழைப்பழம். படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறவனுக்கு அமாவாசை ஏது, பிண்டம் ஏது? அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை என்பதே எனக்குத் தெரியாது. வழக்கமாக அமாவாசைக்கு ஆற்றுக்குப் போகிற அப்பாவும் அந்த வாரம் முழுக்கக் குளிர்காய்ச்சலில் படுத்துக் கிடந்தார்.

போதாக்குறைக்கு என் மீசை. நாவிதர் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டார். சரிக்கட்டுகிறேன் சரிக்கட்டுகிறேன் என்று மீசையையே வழித்துவிட்டிருந்தார்.

ஆக, காலையில் ஆற்றங்கரையில் நான் எப்படி இருந்தேன் என்றால், சட்டை இல்லை, மீசை இல்லை, இடுப்பில் ஈர வேட்டி. முன்னால் வாழை இலை, இலையில் எள்ளுச்சோற்று உருண்டைகள். வீசினால் மீன் மிரளும் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து, பயபக்தியோடு தண்ணீரில் விட்டேன். காக்கைகள் வந்து தொந்தரவு செய்தன. தொலையட்டும் என்று அவற்றுக்கும் ஓர் உருண்டை வைத்தேன். தூண்டிலோ புல்லுக்குள் கிடந்தது.

நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெரியவர் பின்னால் வந்து நின்று ஏதோ கேட்டார். தண்ணீரில் அப்போதுதான் குமிழி கிளம்பியிருந்தது. வாயில் விரலை வைத்துக்காட்டி, ஆள் போனால் போதும் என்று தலையை ஆட்டினேன். அவர் என் தோளைத் தொட்டார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மீன் மேல் இவ்வளவு பாசமா என்று ஆச்சரியப்பட்டேன். அன்றைக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை. வயிறு முட்ட எள்ளுச்சோறு தின்ற மீன் புழுவைத் திரும்பிப் பார்க்குமா?

மறுநாள் காலை எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் ஒப்பாரி கேட்டது. மாரில் அடித்துக்கொண்டு பெண்கள் எங்கள் வீட்டை நோக்கி வந்தார்கள். காய்ச்சல் விட்டு எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பா, சாவு என்றால் விசாரிக்காமல் இருக்கக் கூடாதே என்று ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்து தானும் அழுதார். கொஞ்சம் அழுதுவிட்டுப் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கேட்டார்:

“யாரு வீட்டுல சாவுலா?”

“மாப்பிள்ளையோட அப்பா போயிட்டாருண்ணே.”

“எந்த மாப்பிள்ளை?”

அந்த அம்மாள் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவளை மாட்டுக்கொட்டகையில்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் பெண்ணின் அத்தை, பக்கத்துத் தோட்டம். முதல் நாளே அவள் வீட்டுக்கு வந்து, அமாவாசைக்கு ஆற்றில் முழுகப் போன அவளுடைய அண்ணன்தான் என் வருங்கால மாமனார். அதாவது, ஒப்பாரிக்குப் பின்னாலேயே வந்து நின்ற அந்தத் திருநீற்றுப் பெரியவர்.

“ஆத்தங்கரையில உங்கள அடையாளம் காட்டுனாங்க. ‘அப்பாவுக்காய்யா?’ன்னு கேட்டேன். தலையாட்டுனீங்களே!” என்றார் அவர்.

“மீனு ஓடிருமேன்னு ஆட்டுனேன் மாமா.”

“உசிரோட இருக்குற அப்பனுக்குப் பிண்டம் போட்ட கையில எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்.”

அப்பாதான் பேசினார். “செத்ததா பொய்ச்சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்வாங்கலா சம்பந்தி.”

மாமனார் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். “சரி, ஒரு வருசம் பாப்போம். நீங்க நல்லபடியா இருந்தீங்கன்னா அடுத்த ஆவணியில கல்யாணம்.”

அந்த ஒரு வருடம் என் எதிரிக்கும் வரக் கூடாது. என் கல்யாணம் அப்பாவின் மூச்சில் தொங்கியது, அது அப்பாவுக்கும் நன்றாகத் தெரியும். “டேய், நெஞ்சு லேசா அடைக்குதுடா. கோழிச்சாறு குடிச்சா சரியாயிரும்போல இருக்கு” என்பார். ஓடிப்போய்க் கோழி பிடிப்பேன். தூறல் போட்டால் குடையோடு அவர் வெட்டும் மர நிரைக்கு ஓடுவேன். கால் பிடித்து, வெந்நீர் போட்டு, அவர் தும்மினால் நான் நடுங்கி, எலும்பும் தோலுமாகிவிட்டேன். அப்பாவுக்குத் தொந்தி விழுந்தது. செமோர்ப் பக்கம் வருகிற சிலிம் ரிவர்க்காரர்கள் எல்லாரும் அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ‘நல்லாத்தான் இருக்காரு, மாப்பிள்ளைதான் ஒரு மாதிரியா இருக்காரு’ என்று அங்கே போய்ச் சொன்னார்களாம்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அப்பா அதற்குப் பிறகும் நீண்ட காலம் இருந்து, என் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டுத்தான் போனார். தகவல் கிடைத்து மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அழவில்லை. வாசலிலேயே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாப்பிள்ள, இது நெசந்தானா? இல்ல, மறுபடியும் மீன் புடிக்கப் போனீங்களா?”

அதுவரை கதறிக்கொண்டிருந்த என் மனைவிதான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு முதலில் குலுங்கினாள். சாவு வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான், காலையிலிருந்து வராத அழுகை எனக்கு வந்தது.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் யார் போனதாகச் சேதி வந்தாலும், அழத் தொடங்குவதற்கு முன் என்னை நேற்று எங்கே போனாய் என்று விசாரித்துவிடுகிறார்கள்.