அஞ்சுவேலை டீச்சர் கையெழுத்துப் போடாத பட்டியல்

தூத்துக்குடியில் புயலுக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியின் அஞ்சுவேலை டீச்சருக்குப் பயப்படாதவர் ஒருவரும் கிடையாது. தலைமை ஆசிரியர் என்ற முறையில் பயப்படுகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி ஆட்டோவில் ஏறினால் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பவும் ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். "அஞ்சுவேலை டீச்சர் வீடு" என்றால், "மில்லர்புரம்தானே, ஏறுங்க" என்று நேராகப் போய் நிற்கும்.

எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் பாஸ் என்பது அரசு விதி. டீச்சருக்கு அதில் மறுப்பே இல்லை. "கவர்மெண்டு பாஸ் போட்டுக்கிடட்டும் சார். எங்கிட்ட அஞ்சு வேலைய முடிச்சாத்தான் நான் பாஸ் போடுவேன்" என்பார். வாய்பாடு பதினாறு வரை. கடிதம் எழுதி, தபாலில் போட்டு, பதிலும் வர வேண்டும். வேலை செய்கிற ஒருவரிடம் பேட்டி. கையால் ஒன்றை அளந்து காட்ட வேண்டும். கடைசியாக, டீச்சர் பிரிக்கிற ஏதோ ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்குள் எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

கோயில் திருவிழாவில் ஒரு பயல் டீச்சரைப் பார்த்ததும் ஓடிப்போய் ராட்டினத்தில் ஏறிக்கொண்டான். டீச்சர் கீழே நின்றார். பெட்டி கீழே வந்தபோது, "பதினாறேழு?" என்றார். பயல் யோசித்துக்கொண்டே மேலே போனான். இறங்கி வரும்போது, "நூத்திப் பன்னெண்டு!" என்று அலறினான். "பதினாறெட்டு?" மறுபடியும் மேலே. ராட்டினக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இன்னும் எத்தன சுத்து?" என்றார். "பதினாறு பதினாறு வரைக்கும் சுத்துங்க அண்ணாச்சி." இறங்கினவனுக்குத் தலை சுற்றியது, ஆனால் வாய்பாடு ஆயுசுக்கும் மறக்காது.

உப்பளக்காரர் ஒருவர் மகனுக்கு அளக்கிற வேலை: உப்பு அம்பாரத்தின் மேல் ஏறாமல், நிழலை வைத்தே அதன் உயரத்தைச் சொல்ல வேண்டும். அப்பா தன் சூப்பர்வைசரிடம் தெர்மோகோலில் அம்பாரம் செய்து, விடையும் எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டார். டீச்சர் அந்த மனிதரைப் பெஞ்சில் உட்காரவைத்து, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சொல்லுங்க" என்றார். அவர் விழித்தார். மத்தியானம் மூன்று மணிக்கும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் பையனுக்கே மனசு பொறுக்காமல், குச்சி ஒன்றை வெயிலில் நட்டு, நிழலை அளந்து, கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். "ம், வேல முடிஞ்சுது" என்று டீச்சர் குறித்துக்கொண்டார். சூப்பர்வைசர் கும்பிட்டுவிட்டு ஓடியேபோனார்.

இப்படியாகச் சிரித்துக்கொண்டிருந்த என் தலையில்தான் அந்தக் கோடையில் இடி விழுந்தது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே டீச்சர் கையெழுத்துப் போடவில்லை. செல்வின். தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிற சூசையின் மகன். ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பத்து நாளில் மாற்றுச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

செல்வினின் அம்மா அவனையும் இழுத்துக்கொண்டு வந்து, டீச்சரையும் வைத்துக்கொண்டே என் அறைக்குள் நின்று சத்தம் போட்டாள். "எல்லாரும் பாஸுன்னு கவர்மெண்டே சொல்லுது. இந்த டீச்சர் என்ன கவர்மெண்டுக்கும் மேலயா? எம் பிள்ள கையெழுத்த பாத்திருக்கியளா? அச்சடிச்ச மாதிரி இருக்கும்!"

நான் பார்த்திருக்கிறேன். முத்து முத்தான எழுத்து. "டீச்சர், சான்றிதழை நிறுத்திவைக்க நமக்கு அதிகாரம் கிடையாது" என்றேன், குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

"நீங்க குடுங்க சார், நான் தடுக்கல. எங் கையெழுத்து மட்டும் கிடையாது. நாலு வேல முடிச்சிட்டான். வாசிக்கச் சொன்னா மட்டும் ஒருநாள் பல்லுவலி, ஒருநாள் தொண்டக்கட்டு."

இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சல் வந்தது. மேசைமேல் கிடந்த பேப்பரை நீட்டினேன். "ஏலே, நாலு வரிய வாசிச்சுட்டுப் போயேம்ல."

அவன் பேப்பரை வாங்கினான். பார்த்தான். மூக்கு நுனியில் வேர்த்தது. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். கடைசியில் மெதுவாகக் கேட்டான்: "சார், பாத்து எழுதிக் காட்டட்டா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எட்டு வருஷம், டீச்சர் எழுதச் சொன்ன கடிதம்வரை எல்லாவற்றையும், யாராவது எழுதினதைப் பார்த்துப் பார்த்து எழுதியே வந்திருக்கிறான். அந்த அழகைப் பார்த்து எல்லாரும் முழு மார்க் போட்டிருக்கிறோம்.

"பத்து நாள் கெடக்குல்லா? போதும். இங்கன வால" என்று டீச்சர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் கடற்கரை. சாயங்காலம் திரும்புகிற நாட்டுப்படகுகளின் பெயர்களை வாசிக்க வேண்டும். பயல் படபடவென்று சொன்னான். டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது: படகு வரும் முன்பே, எழுத்து கண்ணுக்குத் தெரியும் முன்பே பெயரைச் சொல்லுகிறான். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்குப் பெயிண்டைப் பார்த்தாலே படகு தெரியாதா? "களவாணிப் பயல!" என்று தலையில் ஒரு தட்டு. அடுத்த நாள் முதல் பஸ் ஸ்டாண்டு. பஸ்ஸுக்கெல்லாம் ஒரே நிறம்.

நானும் கூடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "ஸ்ரீவைகுண்டம்" முதல் எழுத்திலேயே அவனைக் கவிழ்த்தது. ஒன்பதாம் நாள் ஒரு பஸ்ஸின் முன்னால் நின்று, "ஆழ்... வார்..." என்று அவன் தொடங்கியபோது டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏறுதியளா, இல்லையா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"ஏறல. வாசிக்கோம்!" என்றார் டீச்சர்.

கண்டக்டர் ஒரு கணம் பார்த்தார். பிறகு விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "திரு... ந... க... ரி." பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் விசில்.

பத்தாம் நாள் டீச்சர் புத்தகம் எதையும் பிரிக்கவில்லை. நான் எழுதிவைத்திருந்த சான்றிதழையே அவன் கையில் கொடுத்தார். அவன் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தான். தன் பெயர். பிறகு, "தந்... தை பெ... யர். சூ... சை."

"அங்கனயா இருக்கு அப்பா பேரு?" என்று அவன் அம்மா எட்டிப் பார்த்து, அந்த இடத்தைத் தொட்டாள். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. நாலு வரிக்குக் கால்மணி நேரம் ஆனது. தடங்கல் நிறைய இருந்தது. டீச்சர் தம் வாழ்நாளிலேயே முதல் தடவையாக விதியைத் தளர்த்திப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். "மிச்சத்துக்குத் தெனமும் நாலு மணிக்கு இங்கன வந்துரணும். பெரிய பள்ளிக்கூடம் போனாலும் விட மாட்டேன்" என்றார். இன்றுவரை வருகிறான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பில் செல்வினுக்கு ஆசிரியர் நான்தான். கையெழுத்துக்கு முதல் பரிசு கொடுத்து, மேடையில் தோளைத் தட்டியவனும் நான்தான். அது டீச்சருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பள்ளி திறந்ததும் நானே போய், "நான் பாடம் எடுக்கிற அஞ்சாம் வகுப்பையும் ஒருதரம் வாசிக்கவச்சுப் பாருங்க டீச்சர்" என்றேன். பார்த்தார். வாசிக்கத் தெரியாதவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். இப்போது நாலு மணிக்கு நானும் அவர்களோடு உட்காருகிறேன். ஐந்து மணிக்கு டீச்சர் வந்து, எத்தனை பக்கம் ஆயிற்று என்று என்னிடம் கணக்குக் கேட்கிறார். தலைமை ஆசிரியரிடம்! கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் ஒருநாள் அவர் லீவு போட்டால், எனக்குப் பள்ளிக்கூடமே பிடிப்பதில்லை.