நைஸ் என்றால் அரை மாத்திரை

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா ஆசியோடு எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், கேட்டாயிற்று. இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

பேத்தியின் பிறந்தநாளன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன், மருமகள், எங்களோடேயே இருக்கும் அவளுடைய அம்மா, எதிர்வீட்டுப் பல் டாக்டர், நடுவில் பேத்தி. எல்லாரும் சாட்சி. சம்பந்தியம்மாள் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், உனக்குத் தெரியும். கடையில் வாங்கிய தோள்பையை நீட்டினாள். பேத்தி "வாவ், கார்ஜியஸ்!" என்று துள்ளினாள். கண் வலிக்க வலிக்கப் பின்னிய பச்சை ஸ்வெட்டரை நான் நீட்டினேன். "நைஸ், பாட்டி" என்றாள். துள்ளவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்று பேத்தியைத்தான் கேட்டேன். சம்பந்தியம்மாளை யார் கேட்டார்கள்? "இல்லீங்க சம்பந்தி, நைஸ்னா பரவாயில்லைங்கற மாதிரி. கார்ஜியஸ்னா அசந்து போறது" என்று பாடம் நடத்தினாள். பல் டாக்டர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

மறுநாள் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் போனேன். "தம்பி, நைஸ், பியூட்டிஃபுல், கார்ஜியஸ், மூணுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றேன். "நைஸ் அரை மாத்திரைம்மா. பியூட்டிஃபுல் முழு மாத்திரை. கார்ஜியஸ் ஊசி" என்றார். அப்படியானால் அவளுக்கு ஊசி, எனக்கு அரை மாத்திரையா? விடுவேனா? நேரே பேத்தியிடம் வந்து, விவரத்தைச் சொல்லி, "எனக்கும் ஊசி போடு" என்று நின்றேன். செல்போனைப் பார்த்தபடியே, "சரி பாட்டி, கார்ஜியஸ், போதுமா?" என்றாள். கேட்டு வாங்கிய ஊசி, நன்றாகவே வலித்தது. அன்றிலிருந்து சம்பந்தியம்மாளோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை; ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறேன், அதுவும் பாதிதான்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். அவளும் இருக்கட்டும், கொஞ்சம் கம்மியாக.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரம் மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் நானும் அவளும் ஆளுக்கொரு மூலையில். தெருவில் பேத்தி ஓடி வருகிறாள். ஸ்வெட்டரைச் சுருட்டி வயிற்றோடு அணைத்திருக்கிறாள். தலைக்குக் குடையாக அந்தக் கார்ஜியஸ் பை! சொட்டச் சொட்ட வந்தவளிடம், "ஏண்டி, என் பை?" என்றாள் சம்பந்தியம்மாள். "பை காஞ்சிடும் பாட்டி. ஸ்வெட்டர் நனைஞ்சா தொங்கிப் போயிடுமே!" டீச்சர் பையை வாங்கிக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது, நானே காபி போட்டுக் கொடுத்தேன். அவளை மன்னித்தாயிற்று. மருந்துக்கடைக்காரரையும், பல் டாக்டரையும்கூட. ஒரே ஒரு ஆளை மட்டும் மன்னிக்க மாட்டேன். உன் கல்யாணத்துக்கு முந்தின குளிருக்கு நீல நிறத்தில் ஒன்று பின்னிக் கொடுத்தேனே, போட்டுப் பார்த்துவிட்டு வெறும் "ம்" என்றாயே, நீதான்.