அப்பாவைப் புரட்டிப் போட்ட தோல் பாய்

பூந்தமல்லியில் ஆட்டைப் பார்த்ததும் பிரியாணி நினைவுக்கு வராத ஒரே மனிதர் தோல் பாய்தான். கறி என்பது அவரைப் பொறுத்தவரை ஓர் இடைஞ்சல். அதை யாராவது சாப்பிட்டு ஒழித்துவிட்டால், உருப்படியான சாமான்களை இவர் எடுத்துக்கொள்வார்.

அவர் நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கறிக்கடைகளில் தோலை வாங்கி, எங்களுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் கொட்டகையில் உப்புப் போட்டு அடுக்கி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு அனுப்புவது தொழில். கொம்பு கத்திப்பிடி செய்கிறவருக்குப் போகும். கொழுப்பு சோப்புக்காரருக்கு. குளம்பைக்கூட விடாமல் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்துவிடுவார்.

யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் ஆட்டில் ஒரு பாகத்தை மருந்தாக நீட்டுவார். எங்கள் இரும்பு கேட் கிறீச்சிடுகிறது என்று, கேட்காமலே உருக்கிய கொழுப்பைக் கீலில் தடவிவிட்டுப் போனார். சத்தம் நின்றது. ஆனால் தெரு நாய்கள் அத்தனையும் வந்து கேட்டை நக்க ஆரம்பித்தன. ஒரு வாரம் தபால்காரர் எட்டிப் பார்க்கவில்லை. பாயிடம் முறையிட்டேன். சம்பளம் இல்லாமல் இத்தனை காவலாளிகள் கிடைத்ததற்கு என்னை வாழ்த்தி அனுப்பினார்.

அப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆவடி ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, பக்கத்து வீட்டில் முட்டை உடைத்தால் இங்கே ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குச் சைவம். அவர் போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்தவர் படுத்த படுக்கையாகி, முதுகில் புண் கண்டுவிட்டது. அடிக்கடி புரட்டிப் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். நானும் மனைவியும் தொட்டாலே கத்துவார். காற்றுப் படுக்கை வாங்கினோம். லாரியில் படுத்த மாதிரி இருக்கிறது என்று மோட்டாரை அணைக்கச் சொல்லிவிட்டார். பிறகு பேச்சையும் நிறுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தே கிடந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

செய்தி கேட்டு பாய் வந்தார். தோளில் ஒரு செம்மறித் தோல். ரோமத்தோடு பதப்படுத்தி, துவைத்துக் காயவைத்தது. நீலகிரிப் பக்கத்து ஆடு, ரோமம் மெத்தை மாதிரி இருக்கும், முதுகுக்குக் காற்றோட்டம் என்றார்.

அப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார். "சாகப் போற நேரத்துல என்னை ஆட்டுத் தோல்ல கிடத்தணுமா?"

"சாவுற ஆளுக்கு நான் இன்னாத்துக்கு எட்த்தாரேன்? எய்ந்து நடக்கப் போற ஆளுக்குத்தான் எட்த்தாந்தேன் ஐயா. உங்க முனிவருங்க தோல்ல குந்தலையா?"

"அது மான் தோல்."

"மானைத் தொட்டா புட்ச்சி உள்ள போட்ருவானுங்க. அதான் ஆட்ல எட்த்தாந்தேன்."

அப்பாவின் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றே தோலைப் படுக்கையில் விரித்தோம். அன்றிலிருந்து பாய் காலையில் கொட்டகைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, அப்பாவை அலுங்காமல் புரட்டிப் போடுவார். கொட்டகைத் தோலையும் இப்படிப் புரட்டிப் போடாவிட்டால் உப்பு ஒரே பக்கம் ஊறிவிடும் என்பார். என்னைத் தோலோடு சேர்க்காதே என்று அப்பா சண்டைக்குப் போவார். அந்தச் சண்டை காபி ஆறும்வரை நடக்கும். இடைப்பட்ட நேரத்தில் நாங்கள் புரட்டினாலும் அப்பா இப்போது கத்துவதில்லை.

புண் ஆறியது. புரட்டிப் போட்டதுதான் முக்கியம், தோலும் உதவியிருக்கும் என்றார் டாக்டர். இதில் முதல் பாதி பாயின் காதில் விழவே இல்லை. செம்மறியைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

அப்பா இப்போது வாக்கர் இல்லாமல் மெட்ரோ தூண் வரை நடந்துவிட்டு வருகிறார். படுக்கையில் தானே புரண்டுகொள்கிறார். ஆனால் பாய் வரும் நேரத்துக்கு மட்டும் தோலின் மேல் போய்ப் படுத்து, அசைய முடியாதவர் போலக் கண்ணை மூடிக்கொள்கிறார். அப்பா நடந்து போவதைப் பார்க்கிற பாயும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மெதுவாகப் புரட்டிப் போடுகிறார்.