மரத்தார் வீட்டில் பொங்கிய பால்

ஒரு மரப்பலகையிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். வாய்விட்டு, என் மனைவியின் கண்ணெதிரில். கேட்க வைத்தவர் மரத்தார், எங்கள் வீட்டுக்காரருக்கு நான் வைத்த பட்டப்பெயர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அவரைப் போல இன்னொரு சிடுமூஞ்சி இருந்ததில்லை. இருந்திருந்தால் இவரோடு மல்லுக்கட்டியே செத்திருக்கும். இத்தனை வருடம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

தொண்ணூறுகளில், நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், அவர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். விரி என்ற புறநகரில் ஏதோ கிடங்கில் உத்தியோகம். ஆனால் உண்மையான உத்தியோகம் அந்த வீடுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு தச்சன் தனக்கென்று கட்டிக்கொண்ட கலிபோர்னியா பாணி பங்களா. தாழ்ந்த கூரை, மறைக்காமல் வெளியே நீட்டிய கைமர நுனிகள், ஈயப்பட்டியில் கோத்த வண்ணக் கண்ணாடி, நெஞ்சு உயரத்துக்கு ரிமு என்ற உள்ளூர் மரத்தில் சுவர்ப்பலகை. மரம் மரமாகத் தெரிய வேண்டும், மூட்டு மூட்டாகத் தெரிய வேண்டும் என்பது அந்தப் பாணியின் வேதம். "இந்த வீட்டில ஒளிப்புமறைப்பு இல்லை" என்பார், நான் எதையோ ஒளித்து வைத்திருப்பதைப் போல முறைத்துக்கொண்டு.

காலண்டர் மாட்ட ஆணி கூடாது. ஈரக்குடை உள்ளே வரக்கூடாது. அலுமினிய ஜன்னல் என்று பேச்செடுத்த உறவினரை வாசலோடு திருப்பி அனுப்பினார். ஜூலை மாதம், அங்கே அது நடுக்குளிர்காலம், மர ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடித்தது. குளிருகிறது என்றேன். "எழுவது வருசமா இந்த வீட்டுக்குக் குளிரேல்லை" என்றார்.

அங்கேதான் என் மனைவி கைக்குழந்தையோடு சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். புதுக்குடித்தனம், பால் காய்ச்சாமல் எப்படி? அதுவும் கிழக்கு பார்த்துப் பொங்க வேண்டுமாம். கிழக்கே இருந்தது ஜன்னலோடு சேர்த்துக் கட்டிய ரிமு ஆசனம். அதன்மேல் மின்அடுப்பை வைத்தது, படித்த முட்டாளான நான். பால் லட்சணமாகப் பொங்கி, கிழக்கே ஓடி, பலகை இடுக்கில் இறங்கியது.

மரத்தார் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தார். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"எனக்கில்லை ஐசே. அதுக்குச் சொல்லும்."

சொன்னேன். அப்படியும் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஊரில் வேறு வீடு தேடுவதா? மனைவி அவிழ்க்காத பெட்டியைப் பார்த்தாள். நான் அவர் கழுத்தைப் பார்த்தேன்.

சமையலறையிலிருந்து அக்கா வந்தார், மரத்தாரின் மனைவி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை, அன்றும் உயரவில்லை.

"இந்த வீட்டுக்கு வந்த அண்டைக்கு என்ர பாலைக் கராஜில காய்ச்ச வைச்சனீங்கள். இந்தப் பிள்ளை கேளாமலே வீட்டுக்குள்ள காய்ச்சிப்போட்டுது. இதுகளை அனுப்பினா நானும் போறன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அரிசி, பருப்பு, சட்டிபானையோடு கராஜுக்குக் குடிபோனார். புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது. நாங்கள் பெயின்ட் டப்பாக்கள்மேல் உட்கார்ந்து ராஜபோகமாகச் சாப்பிட்டோம். மரத்தார் மட்டும் சுவரோடு சேர்த்துச் செய்த பாத்திர அலமாரி பளபளக்கும் சாப்பாட்டறையில், தனியே, ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். காலி செய்வது பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் கதவைத் தட்டினார். துரத்துகிற அதே முகம். என் மனைவியிடம் அடுப்பைக் கேட்டு வாங்கினார். நடு ஹாலில் மண்டியிட்டு ஈரச்சாக்கு, போர்வை, தகரத்தட்டு என்று அடுக்கி, மேலே அடுப்பை வைத்தார். பிறகு கராஜ் பக்கம் பார்த்து, "வந்து காய்ச்சும்" என்றார். கெஞ்சலை அத்தனை கோபமாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அக்கா காய்ச்சினார். பால் பொங்கியது. தட்டைத் தாண்டி, சாக்கைத் தாண்டி, ரிமு தரையில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. கையில் துணியோடு நின்ற மரத்தார் குனியவில்லை. அக்கா கைகூப்பிக் கண்மூடி நின்ற நேரமெல்லாம் அவர் அசையவேயில்லை. எனக்கு ஆத்திரமெல்லாம் மறந்துபோனது.

பிறகு பால்செம்பைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம், அண்ணன் உங்களுக்காக எப்படிப் பொறுத்து நின்றார் பார்த்தீர்களா என்றேன்.

"பாத்தனான் தம்பி" என்றார் அக்கா. "நான் விலகினவுடன தரையைத் தேய்க்க, துணியில மெழுகும் பூசிக்கொண்டெல்லோ வந்து நிண்டவர்."