எண்பத்தெட்டுச் சுண்டுக் காற்று

சாய்ந்தமருது,
20.04.2025

அன்பு மச்சான் றிபாத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயனின் கிருபையால் நானும் உங்கள் உடன்பிறந்த ராத்தா நஸீறாவும் இங்கு சுகமே இருக்கிறோம். கத்தாரின் வெயிலில் தாங்களும் உடல்நலத்தோடு தொழிலைப் பார்த்துவர துஆச் செய்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வருவதாக அறிந்து பெரிதும் மகிழ்ந்தோம். தாங்கள் என்னை நம்பி விட்டுச்சென்ற கார் பத்திரமாக உள்ளது. காரோடு விட்டுச்சென்ற அந்தப் பெரிய பேஸ் ஸ்பீக்கரும் பத்திரமாகவே உள்ளது, ஆனால் வைத்த இடத்தில் இல்லை. இதை போனில் சொன்னால் நடுவில் குறுக்கிட்டுச் சத்தம் போடுவீர்கள். கடதாசி என்றால் முடியும்வரை வாசித்துத்தான் ஆகவேண்டும். ஆதலால் நாளைக்குக் கத்தார் திரும்பும் உங்கள் கம்பனி நண்பர் கிசோக்கின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

விஷயம் தொடங்கியது தாங்கள் சொன்ன ஒரு சொல்லில். மாசி மாதம் போனில், "மச்சான், அந்த ஸ்பீக்கரைத் தொட்டுப்போடாதீங்க, அதுக்கு எல்லாப் பக்கமும் மூடின பெட்டி ஒண்டு அடிக்கணும், நான் வந்து கொழும்புல செய்விச்சுக்கிறன்" என்றீர்கள். எல்லாப் பக்கமும் மூடினால் சத்தம் எங்கால வரும் என்று நான் கேட்டேன். "உங்களுக்கு அது விளங்காது மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவன். எந்த மதகை எத்தனை அங்குலம் திறந்தால் நாவிதன்வெளியில் எந்த வயலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணி போய்ச் சேரும் என்று படுத்துக்கொண்டே சொல்லுவேன். எனக்கு விளங்காது என்று அந்தத் திணைக்களத்தில் ஒருவரும் சொன்னதில்லை. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் ஸ்பீக்கர் இருந்த மட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பார்க்க மட்டும்தான்.

பார்த்தால் கேக்கணும் போல இருந்தது. மறுகா உங்கட கார்ட பெட்டறியைக் கழட்டிக் கொண்டுவந்து வீட்டு ஹோல்ல வெச்சி, அதோட கிடந்த அம்ப்ளிபயரையும் தொடுத்து, போன்ல இருந்த கலியாணவீட்டு றபான் மேள அடியைப் போட்டன். ஸ்பீக்கர்ட வாய் ஒரு அங்குலம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுது, ஆனா சத்தம் எண்டா நுளம்பு பறக்கிற மாதிரி. மச்சான்ட சாமானைப் பழுதாக்கிப் போட்டன் எண்டு எனக்கு வேர்த்துப் போச்சு. அவசரத்துல தூக்கி எங்கயாவது வெப்பம் எண்டு பாத்தா, பக்கத்துல உங்கட ராத்தா அரிசி கொட்டி வெக்கிற பீப்பா, அந்தப் பரல், மூடி இல்லாமக் கிடந்தது. அதுட வாயில வெச்சன். அளவெடுத்த மாதிரி இருந்திச்சி. இருந்ததுதான் தாமதம், 'கும்' எண்டு ஒரு அடி, சுவர்ல இருந்த மணிக்கூடு ஆடிச்சி. குசினிக்குள்ள இருந்து நஸீறா, "ஆர் கதவைத் தட்டுற, போய்ப் பாருங்களன்" எண்டா.

நான் கதவைப் பாக்கப் போகல்ல. ஸ்பீக்கரைத் தூக்கினா நுளம்பு, வெச்சா றபான். தூக்கித் தூக்கி வெச்சிப் பாத்துப்போட்டுத்தான் பிடிபட்டிச்சி. வாய் முன்னுக்குத் தள்ளக்குள்ள பின்னால காத்தை இழுக்குது. நடுவுல தடுப்பு இல்லாட்டி முன்னால தள்ளின காத்து ஓரத்தால சுத்திப் பின்னால ஓடிப்போய் ரெண்டும் சரிக்குச் சரி ஆகிருது. வரம்பு வெட்டிப் போன ரெண்டு வயல் மாதிரி, தண்ணி ஒரே மட்டத்துல நிண்டிரும், பாய்ச்சல் இல்ல. பெட்டிதான் வரம்பு. நீங்க அண்டைக்கு இதைச் சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

அதோட விட்டிருக்கலாம். ஆனா பரலுக்குள்ள அரிசி கூடினாச் சத்தம் 'டொக் டொக்' எண்டு இறுகுது, அரிசி குறைஞ்சாத் தொளதொள எண்டு ஊதுது, அப்ப எவ்வளவு காத்துல சரியா இருக்கும் எண்டு பாக்காம ஒரு மனிசன் எப்படி இருக்கிற. பத்துச் சுண்டு அரிசி அள்ளிப் பாயில கொட்டுறது, ஸ்பீக்கரை வெக்கிறது, கேக்கிறது, திரும்ப அள்ளுறது. ஒரு இடத்துல வந்து, மச்சான், றபான்ட தோலைக் கையால தட்டுற மாதிரியே கேட்டிச்சி. அந்த இடத்துல நிப்பாட்டிப்போட்டு, அரிசி மட்டத்துல இருந்து பரல் வாய் மட்டும் அரிசியாலயே நிரப்பி எண்ணினன். எண்பத்தெட்டுச் சுண்டு. எங்கட சுண்டு கால் லீற்றர், அப்ப இருபத்திரெண்டு லீற்றர் காத்து. பகல் சாப்பாட்டுக்கு அரிசி எடுக்க வந்த நஸீறா ஹோலைப் பாத்தா, பாயைப் பாத்தா, என்னைப் பாத்தா. அண்டைக்கு ரெண்டு பேரும் பாணும் பருப்பும் திண்டம். பின்னேரம் மட்டைப்பெட்டியை மடிச்சி வெக்கக்குள்ள அடியில இருந்து ஒரு கடதாசி விழுந்திச்சி, மூடின பெட்டிட அளவு இருபத்திரெண்டு லீற்றர் எண்டு அச்சடிச்சிருந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்க ஏலாமப் போய் அவக்குக் காட்டினன். "இதை முதலே பாத்திருந்தா எண்ட அரிசி தப்பியிருக்கும்" எண்டா. அவ சொல்லுறதும் சரிதான்.

பெட்டி அடிக்க பாண்டிருப்புக் கனகரெத்தினத்தைக் கூப்பிட்டன். உங்களுக்கு அவரைத் தெரியாது. எங்கட திணைக்களத்துக்கு மதகுப் பலகை செஞ்சவர், இன்னமும் என்னை சேர் எண்டுதான் கூப்பிடுவார். எம்டிஎஃப் எண்டு மரத்தூளை அமத்தின பலகையில அடிச்சித் தந்தார், மூலையெல்லாம் பிசின் ஊத்தி, ஆணி தெரியாம, ஒரு கண்ணுக்கு ஒரு குறை சொல்ல ஏலாது. பின்பக்கம் திருப்பினன், சுண்டுவிரல் போற அளவுக்கு ஒரு ஓட்டை.

"கனகரெத்தினம், இது என்ன?"

"காத்துக்கு சேர்."

"காத்துப் போகக் கூடாது எண்டுதானே பெட்டி."

"நாப்பது வருஷமா அலுமாரி அடிக்கிறன், ஓட்டை இல்லாத அலுமாரி பூஞ்சணம் பிடிக்கும். காத்துப் போக வழி இல்லாட்டி சத்தம் மட்டும் எந்த வழியால சேர் போற?"

கடதாசியைக் காட்டினன். கடதாசி எழுதினவன் ஒரு அலுமாரியாவது அடிச்சிருக்கானா எண்டு கேட்டார். நான் அலுமாரி வேற ஸ்பீக்கர் வேற எண்டு கொஞ்சம் உரத்துச் சொல்லிப் போட்டன், அவர் உளி சுத்தியல் ஆயுதப்பையைத் தூக்கிக்கொண்டு போய்ட்டார். அஞ்சி நாள் போன் எடுத்தாலும் பதில் இல்ல. எனக்குப் பெட்டி ஓடல்ல மச்சான், கனகரெத்தினம்தான் மனசுக்குள்ள ஓடினார். வேலையை விட்டு வந்த பிறகு என்னோட நின்டு வாதாடுறத்துக்கு ஆள் இல்ல. கடைசியா நானே ஒரு கட்டையைச் செதுக்கி ஓட்டையை அடைச்சி, வேற எங்கயாவது கசிவு இரிக்கா எண்டு பாக்க, சைக்கிள் டியூப் பாக்கிற மாதிரி பெட்டியைத் தண்ணித் தொட்டிக்குள்ள அமத்தப் போறன் எண்டு அவருக்கு ஒரு செய்தி அனுப்பினன். பத்து நிமிஷத்துல மோட்டார் சைக்கிள் வாசல்ல நிண்டது. ஹெல்மெட்டும் கழட்டல்ல.

"சேர், தண்ணி பட்டா அது பாண் மாதிரி ஊதிப்போகும். ஓட்டை வேணாமெண்டா வேணாம், பெட்டியைக் கொல்லாதீங்க."

நஸீறா ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி தந்து, சாம்பிராணிக் குச்சி ஒண்டைப் பத்தவெச்சிக்கொண்டு வந்தா. "இதுட புகையைக் காட்டிப் பாருங்க, கசிஞ்சா ஆடும்" எண்டா. நீர்ப்பாசனமும் மரவேலையும் சேந்து எழுபது வருஷ அனுபவம், எங்க ரெண்டு பேருக்கும் இது ஓடல்ல. நான் ஸ்பீக்கர்ட வாயை மெல்லமா அமத்த அமத்த, அவ பொருத்துப் பொருத்தாக் குச்சியைக் கொண்டு போனா. வயர் வாற இடத்துல புகை நெளிஞ்சிச்சி. கனகரெத்தினம் அதுல சிலிக்கோன் பசை பூசினார்.

மறுகா டிக்கிக்குள்ள வெப்பம் எண்டு தூக்கினா, உள்ளுக்கு இடம் இரிக்கி, டிக்கி வாயால போகல்ல. நான் உள்பக்கத்தை மட்டும்தான் அளந்திருக்கன். கனகரெத்தினம் தன்ட அளவுநாடாவை எடுத்து என்ட கையில தந்தார், அதுதான் எனக்குச் சுட்டது. உங்கட கார்ட பின்சீட்டைக் கழட்டி அந்த வழியால ஏத்தி, பெட்டறியையும் அம்ப்ளிபயரையும் தொடுத்து, சீட்டைத் திரும்பப் பூட்டினம். சீட் உறையில ஒரு சின்னக் கிழிசல், கோணத்தில பாத்தாத்தான் தெரியும்.

இண்டைக்குப் பின்னேரம் மூண்டு பேரும் கிட்டங்கிப் பாலத்தால நாவிதன்வெளிக்குப் போனம். நஸீறா முன்னால, கனகரெத்தினம் பின்னால, றபான் போட்டன். என்னண்டு எழுதுற மச்சான். ஒரு அதிர்வு இல்ல, ஒரு கிறுகிறுப்பு இல்ல, கண்ணாடி கூட அசையல்ல, பெட்டி ஒண்டு இரிக்கி எண்டே தெரியல்ல, ஆனா சத்தம் அவ்வளவு பக்குவம். "நெஞ்சுக்குள்ள அடிக்குது சேர்" எண்டு கனகரெத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். "ஓட்டை வேணாம்தான்" எண்டும் சொன்னார், அதை ரெண்டு தரம் சொல்லவெச்சிக் கேட்டன். நஸீறா தாளத்துக்கு மடியில விரலால தட்டிக்கொண்டே வந்தா. வயல் கரையில காரை நிப்பாட்டி, முழுசையும் கேட்டு முடிச்சம்.

ஆகவே தாங்கள் கொழும்புக்கு அலையவேண்டிய தேவையில்லை என்பதைப் பணிவோடு அறியத்தருகிறேன். சீட் உறை விஷயத்தில் மனவருத்தம் கொள்ளவேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடவும். தங்களையும் உடனிருப்போரையும் ரப்பு காத்தருள்வானாக. ராத்தா தனியாக சலாம் சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
மக்கீன்

பி.கு: காலையில கடிதத்தை ஒட்டப்போகக்குள்ள கனகரெத்தினம் வந்தார், முகம் சரியில்ல. சேட்டைத் தோய்க்கக்குள்ள மனிசி பொக்கெட்டுக்குள்ள இருந்து எடுத்தாவாம் எண்டு ஒரு ஃபியூஸை நீட்டினார். பின்சீட்டால ஏத்தக்குள்ள பாதுகாப்புக்கு எண்டு அம்ப்ளிபயர்ல இருந்து கழட்டினதாம், திரும்பப் போட மறந்து போச்சாம். அப்ப நேத்து பெட்டி வேலையே செய்யல்ல. நாங்க கேட்டது உங்கட கார்ட கதவுல இருக்கிற பழைய ஸ்பீக்கர் ரெண்டையும்தான். நஸீறா "போடுங்களன், பாப்பம்" எண்டா. போட்டம். மேல் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது, டிக்கி மூடி கிறுகிறு எண்டது, கோழியெல்லாம் மதில் ஏறிற்று. சரியான அடி, மச்சான், கடதாசியில உள்ளபடியே. உங்கட ராத்தா நேத்தையதுதான் நல்லம் எண்டா. நான் அதை ஏத்துக்கொள்ளல்ல. அந்நேரம் கடிதம் எடுக்க கிசோக் வந்தார், அவருக்கு ஒண்டும் சொல்லாம முன்சீட்டுல இருத்தி, ஃபியூஸோட ஒருக்காலும் இல்லாம ஒருக்காலும் போட்டுக் காட்டினம். எது நல்லம் எண்டு அவர் உடனயே சொல்லிட்டார். எனக்கு எழுத மனமில்ல, அவர் வாயாலயே கேட்டுக்கொள்ளுங்க.